பஸ் நேரப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம்

நான் தேடிப் போன பல்கலைக்கழகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல் மருத்துவமனை இருந்தது.

திங்கள் பிற்பகல், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் குளுவாங் ஊர். நல்ல மழை. போனில் இருந்த வரைபடம் 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று அடித்துச் சொன்னது. ஆப் கார் ஓட்டி வந்த சிவா வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கண்ணாடி வழியாக அந்தப் பெரிய வெள்ளைப் பல் போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

"சிஸ், இங்கயா படிப்பு சொல்லித் தராங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இணையத்தில் யார் தேடினாலும் எங்கள் பல்கலைக்கழகம் கண்ணில் படுவதில்லை என்று புலம்பித்தான் என்னை ஈரோட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள். புகார் உண்மைதான் என்பது காரிலிருந்து இறங்கும் முன்பே தெரிந்துவிட்டது.

என் தொழிலை யாருக்கும் லேசில் விளக்க முடியாது. கல்லூரிகளின், பல்கலைக்கழகங்களின் இணையதளங்களைத் தேடுபொறியில் மேலே வரச் செய்வது என் வேலை. என் மாமியார் பக்கத்து வீட்டில், "எங்க மருமவ கம்ப்யூட்டர்ல என்னத்தையோ மேல ஏத்தி உடறாளுங்க" என்று சொல்லியிருக்கிறார். பத்து வருடத்தில் இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

மழை விடும்வரை காரிலேயே இருந்தோம். சும்மா இருக்க வராத எனக்கு சிவாவிடம் ஒரு கேள்வி. இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வார இறுதியில் ஒரு டிப்ளோமா வகுப்பு நடக்கிறதாமே, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"தெரியும் சிஸ். எங்க போன் குரூப்புல போஸ்டர் வந்துச்சி. ஆனா வெள்ளி, சனி க்ளாஸ்னுல்ல போட்டிருக்கு. இப்பத்தான் வெள்ளி வேலை நாளா மாறிடுச்சே. எப்படிப் போறது?"

ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறையாக இருந்தன. அண்மையில்தான் அதைச் சனி, ஞாயிறாக மாற்றியிருக்கிறார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரும் இதைத்தான் அரைமணி நேரம் பேசிக்கொண்டு வந்தார். சிவா சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அலுவலகத்துக்கு போன் போட்டேன். "அலமாக், பல்லு டாக்டர்கிட்டயா போயிட்டீங்க? அது எங்க பழைய ஒப்பிஸ் மேடம். அங்கயே நில்லுங்க, காடி எடுத்துக்கிட்டு வரேன்" என்றது ஒரு பெண் குரல். பத்து நிமிடத்தில் ஒரு சிவப்புக் கார் வந்தது. அதிலிருந்து குடையோடு இறங்கியவள் மகேஸ்வரி. நாற்பது வயது இருக்கும். பல்கலைக்கழகத்தின் இணையதளப் பிரிவு மொத்தமும் அவள்தான்.

"நானும் ஒரு பிரிண்டரும் மேடம். பிரிண்டரும் பாதி நாளு எம்சி" என்றாள். எம்சி என்றால் இங்கே மருத்துவ விடுப்பு.

நேரே சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். வாழையிலை போட்டு, சோறு வைத்து, மீன் குழம்பு ஊற்றிய பிறகு, "என்ன தண்ணி வேணும்?" என்றார் கடைக்காரப் பெண். தண்ணீரில் என்ன வகை இருக்கிறது என்று விழித்தேன். தேநீர், எலுமிச்சைச் சாறு என்று குடிப்பது எதுவானாலும் இங்கே தண்ணிதான். ஐஸ் போட்ட கறுப்புத் தேநீர் ஒரு பெரிய குவளையில் வந்தது. எங்கள் ஊரில் சோற்றோடு தேநீர் குடித்தால் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள். இங்கே நான் இரண்டாவது குவளையும் கேட்டேன்.

இலையை மடித்த பிறகுதான் மகேஸ்வரி விஷயத்துக்கு வந்தாள். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கான மின் பராமரிப்பு டிப்ளோமா அது. குறைந்தது பன்னிரண்டு பேர் சேர வேண்டும். சேர்ந்திருப்பது ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடுகிறது. பன்னிரண்டு ஆகாவிட்டால் வகுப்பு இல்லை, ஒன்பது பேரும் வீட்டுக்குப் போகலாம்.

"அந்த ஒம்பதுல எங்க வீட்டுக்காரரும் ஒருத்தரு" என்றாள்.

கணவர் பெயர் குமரன். எட்டு வருடமாக ஒரே இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். டிப்ளோமா இல்லாமல் டெக்னீஷியன் ஆக முடியாது. "கிலாங்குல இந்த ஒரு தடவதான் சனிக்கிழம ஷிப்ட்ட விட்டுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த வருஷம் கேட்டா குடுக்க மாட்டாங்க மேடம். புதுசா பையெல்லாம் வாங்கி கதவுல மாட்டி வச்சிருக்காரு. ஒம்பதுலயே நிக்கிதுன்னு அவருகிட்ட நான் இன்னும் சொல்லல." கிலாங் என்றால் தொழிற்சாலை.

ஐஸ் உருகிய தேநீரை அவள் வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். காலைச் சிற்றுண்டிக்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் அது. கேட்கும்போதே பாதி வயிறு நிறைந்துவிடுகிறது. மீதிப் பாதியை நம் பரோட்டா போன்ற இரண்டு ரொட்டி சானாய் நிரப்பியது.

பிறகு பதிவாளர் என்சிக் அஸ்மானைப் பார்த்தோம். என்சிக் என்றால் திரு. மென்மையான மனிதர். எனக்காகவே கறிபாப் வரவழைத்திருந்தார். நம் ஊர் சோமாசி வடிவம், உள்ளே உருளைக்கிழங்குக் கறி. நான் ஒன்றைக் கடித்ததும், "வெள்ளிக்கிழமைக்குள் முதல் இடத்துக்கு வந்துவிடுவோமா?" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். வாயில் கறிபாப்போடு முடியாது என்று சொல்வது கஷ்டம். விழுங்கிவிட்டுச் சொன்னேன். தேடுபொறி ஒரு மாற்றத்தைப் பார்த்து, எடைபோட்டு, நம்பி மேலே கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். நான்கு நாளில் நடக்காது. அவர் தலையசைத்துவிட்டு இன்னொரு கறிபாப்பை என் பக்கம் தள்ளினார்.

அதன்பின் தளத்தைத் திறந்து உட்கார்ந்தோம். டிப்ளோமாவுக்கான பக்கத்தில் அழகான ஒரு போஸ்டர் இருந்தது. போஸ்டர் மட்டும்தான் இருந்தது. வகுப்பின் பெயர், நாள், யார் சேரலாம் என்ற எல்லாமே படத்துக்குள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி அவ்வளவாக நம்பி எடுத்துக்கொள்வதில்லை. அதைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட வெற்றுப் பக்கம்.

சரி, முந்தைய ஆண்டுகளின் பக்கங்கள் எங்கே என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. வேலை தேடுவோருக்கான தளங்கள், பள்ளிகளின் தளங்கள் என்று எத்தனையோ இடங்களில் இந்த டிப்ளோமாவுக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். எதை அழுத்தினாலும் 'பக்கம் இல்லை' என்று வந்தது.

"ஒவ்வொரு இன்டேக்குக்கும் பழசெல்லாம் அழிச்சிட்டுப் புது அட்ரஸ்ல புதுசாப் போட்டுருவேன் மேடம்" என்றாள் மகேஸ்வரி, பெருமையாகவே. "தீபாவளிக்கு வீட்டக் கழுவி விடுற மாதிரி. ஒரு குப்ப இருக்காது."

ஒரு பக்கம் ஒரே முகவரியில் வருடக்கணக்காக நின்றால்தான் அதற்கு மதிப்பு சேரும். ஊரார் வழி சொல்லிப் பழகுவார்கள், தேடுபொறியும் பழகும். இவள் ஒவ்வொரு சேர்க்கைக்கும் வீட்டை இடித்து அடுத்த தெருவில் கட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் அவ்வளவு சுத்தமாக.

அப்போதுதான் சிவா சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

"வெள்ளி, சனியா? அது பழைய போஸ்டர். நாள் மாறினதும் நான் அழிச்சிட்டேனே."

"நீங்க உங்க தளத்துல அழிச்சீங்க. ஊர்க்காரங்க போன்ல யாருங்க அழிக்கறது?"

நிற்க வேண்டிய பக்கம் போய்விட்டது. போக வேண்டிய போஸ்டர் இன்னும் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மகேஸ்வரி கணினியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவரு க்ளாஸ நானேதான் அழிச்சிட்டேனா?"

எல்லோரும் செய்கிற தப்புதான் என்றேன். எங்கள் பக்கத்துக் கல்லூரித் தளங்களில் முதலில் நிறுவனர் படம், அடுத்து அவர் மகன் படம், அடுத்து இருவரும் சேர்ந்து நாடா வெட்டும் படம் வரும், எந்தப் படிப்பில் சேரலாம் என்று பார்க்க விரல் தேய வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று முழுக்கப் பழைய முகவரிகளையெல்லாம் தோண்டி எடுத்தோம். அங்கே வருகிறவர்கள் தானாகவே புதுப் பக்கத்துக்குப் போகும்படி ஒவ்வொன்றுக்கும் வழி போட்டோம். போஸ்டரில் இருந்ததை மகேஸ்வரி எழுத்தாகவும் தட்டச்சு செய்தாள். வரைபடத்தில் பல் மருத்துவமனை மேல் குத்தியிருந்த புள்ளியை நகர்த்த விண்ணப்பம் அனுப்பினோம். எல்லாம் அடுத்த சேர்க்கைக்கு உதவும். இந்த வெள்ளிக்கிழமைக்கு உதவாது. இருவருக்கும் அது தெரியும்.

புதன்கிழமை காலை ரயில் நிலையத்துக் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். சுட்ட ரொட்டிக்குள் தேங்காய்ப்பால் ஜாம் தடவி, வெண்ணெயைத் துண்டாகவே வைத்துக் கொடுக்கிறார்கள். ரயில் ஏற வருகிறவர்களைவிட இந்த ரொட்டிக்கு வருகிறவர்கள்தான் அதிகம் போலிருந்தது. மேசைகளைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று.

யார் எதிரே உட்கார்ந்தாலும் ஒரே கேள்வி. சனி ஞாயிறில் படிக்க ஆசை வந்தால் போனில் என்ன போட்டுத் தேடுவீர்கள்? எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் இன்சூரன்ஸ் விற்க வந்தவள் என்று எழுந்து போய்விடுவார்கள். இங்கே ஆர்வமாகத் தேடிக் காட்டினார்கள். சீருடையில் இருந்த இரண்டு மலாய்ப் பெண்கள் 'வேலை செய்துகொண்டே படிக்க' என்று போட்டார்கள். சந்தையில் காய்கறி விற்கும் சீனப் பெரியவர் ஒருவர் போனின் காதில் பேசியே கேட்டார். அது இன்னொரு நகரத்துக் கல்லூரியைப் பற்றி நீளமாக விளக்கியது. ஒருவர்கூட எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. அது ஒருவர் கண்ணிலும் படவுமில்லை.

கடைசியாக வந்த தமிழர் ஒருவர் கையில் எக்ஸ்ரே உறை வைத்திருந்தார். "எனக்குப் படிப்பெல்லாம் வேணாம்மா. ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுன்னு பாக்கணும்" என்று குளுவாங், ஆஸ்பத்திரி, பஸ் என்ற மூன்று சொற்களைத் தட்டினார்.

முதல் இடத்தில் எங்கள் பல்கலைக்கழகம் வந்தது.

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் மாணவர் பஸ் நேர அட்டவணை அது. ரயில் நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என்று போகிற பஸ். ஆஸ்பத்திரி வழியாகப் போவதால் ஊரே அதில் ஏறுகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. மீதி ரொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

"அந்தப் பக்கமா? அத நான் தொடுறதில்ல மேடம்" என்றாள் மகேஸ்வரி.

ஒரு முறை அதையும் கழுவியிருக்கிறாள். புது முகவரியில் அழகான போஸ்டராகப் போட்டிருக்கிறாள். பஸ் ஓட்டுநர் பாக் சிக் ஜமால், அதாவது ஜமால் மாமாவுக்கு, போனில் படம் திறக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பழைய முகவரியில் பக்கத்தைக் காணாமல் அவரைத்தான் திட்டியிருக்கிறார்கள். மறுநாள் அவர் பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு வந்து மகேஸ்வரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய முகவரியிலேயே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து முடிக்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை. அன்றிலிருந்து நேரத்தை மட்டும் திருத்துகிறாள். என்னைப் போன்றவர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதை அந்த மனிதர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே செய்து காட்டிவிட்டார்.

"அந்தப் பக்கத்துல மூணு வரி எழுதலாமுங்களா?" என்றேன். தேடுபொறிக்காகக் காத்திருக்க வேண்டாம். பஸ் பார்க்க வருகிறவர்கள் எப்படியும் வருகிறார்கள். அவர்கள் வீட்டிலும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.

வியாழக்கிழமை காலை பதிவாளரிடம் போனோம். அவருக்கு மனம் ஒப்பவில்லை. "பஸ் அட்டவணையில் போய் டிப்ளோமாவை அறிவிப்பதா? ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? வேண்டுமானால் முகப்பில் பெரிய போஸ்டர் போடலாம்" என்றார்.

நான் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று ஆரம்பித்தேன். மகேஸ்வரி என்னை நிறுத்திவிட்டு மலாயில் பேசினாள். பிறகு எனக்கும் தமிழில் சொன்னாள். "எங்கப்பா எஸ்டேட்டுல இருந்தாரு. காலைல பெரட்டுக்கு எல்லாரும் வரிசையா நிப்பாங்க. கணக்கெழுதுற கிராணி பேரு கூப்புடுவாரு. நின்ன எடத்துல நிக்கலன்னா அன்னைக்கு ஆளே கெடையாது. இத்தன வருஷமா நம்ம பக்கமெல்லாம் எடம் மாறி மாறி நின்னுச்சி. அந்த பஸ்ஸு பக்கம் ஒண்ணுதான் நின்ன எடத்துல நிக்கிது. இந்த கம்ப்யூட்டரு கிராணிக்கு அந்த ஒரு ஆளத்தான் தெரியும். அந்த ஆளுகிட்ட சொல்லித்தான் மத்தவங்க பேரையும் எழுதச் சொல்லணும்."

பதிவாளர் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "மூன்று வரி. அதற்கு மேல் வேண்டாம்" என்றார்.

வெளியே வந்ததும் நான் வரைவை எழுதினேன். 'மின் பராமரிப்பு டிப்ளோமா' என்று தொடங்கியது. மகேஸ்வரி அதை அழித்தாள். "பஸ் பாக்க வந்தவங்க மொதல்ல பஸ்ஸத்தான் பாப்பாங்க அக்கா." மேடமாக இருந்த நான் எப்போது அக்கா ஆனேன் என்று இருவருமே கவனிக்கவில்லை. அவள் மலாயில் எழுதியதன் பொருள் இது:

'சனி, ஞாயிறு காலை எட்டு மணி பஸ்ஸில் வந்தால், வேலைக்குப் போகிறவர்களுக்கான மின் பராமரிப்பு டிப்ளோமா வகுப்புக்குச் சரியாக வந்து சேரலாம், வெள்ளியில் வகுப்பு இல்லை. மாலை ஐந்து மணி பஸ்ஸில் வீடு திரும்பலாம். சேர விரும்பினால் இந்த வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் இங்கே அழுத்துங்கள்.'

பத்து வருடத்தில் நான் எழுதிய எந்த வரியும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இனி செய்ய ஒன்றும் இல்லை. மூவாரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒத்தாக் ஒத்தாக்கை மகேஸ்வரி கொடுத்தாள். அரைத்த மீனை மசாலாவோடு ஓலையில் வைத்துச் சுட்டது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் புகழ்பெற்ற பஸ்ஸில் ஒரு சுற்றுப் போனேன். சந்தையில் ஒரு மூட்டை வெண்டைக்காயும், ஆஸ்பத்திரியில் கையில் கட்டுப் போட்ட ஒருவரும் ஏறினார்கள். பாக் சிக் ஜமால் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என் பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறீர்களாமே?" என்றார் மலாயில். பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார். "நேரத்தை மாற்றவில்லையே?"

இல்லை என்றேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் போனை நீட்டிப் பிடித்து நிதானமாகப் படித்தார். "படிப்பு நல்லது. ஆனால் ஐந்து மணி பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். வாத்தியாரிடம் சொல்லி வையுங்கள்" என்றார்.

மாலையில் ஒரு விண்ணப்பம் வந்தது. பத்து.

வெள்ளி காலை பதினொரு மணிக்கு இன்னொன்று. பதினொன்று. அதன்பின் தொழுகை நேரம், அலுவலகம் காலியானது. மகேஸ்வரி திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மூன்று மணிக்கு நான் கிளம்ப வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருகிட்ட இன்னைக்கு என்னான்னு சொல்றது அக்கா?" என்றாள். ஒரே ஒருவர் வந்தால் போதும், வருவார் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக சிவாதான் வந்திருந்தார். சனி, ஞாயிறு வகுப்பு என்று சொல்லி அவரை இழுக்கப் பார்த்தேன். "எனக்கு மெஷினெல்லாம் ஆகாது சிஸ், ரோடுதான் நமக்கு" என்று நழுவிவிட்டார்.

வழியில் கூலாய் ஊர் வருமுன் வண்டிகள் நின்றுவிட்டன. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிப்போன லாரி ஒன்று சாலை முழுக்கக் குலைகளைக் கொட்டியிருந்தது. ஆரஞ்சும் கறுப்புமாக, ஆளுயரத்தில் பாதிக்குக் குவிந்து கிடந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் அந்தச் சத்தத்துக்கே குலைகள் உருண்டு ஓடியிருக்கும். நாலரை ஆயிற்று. நாலு ஐம்பது. விமானத்தைப் பற்றிய கவலையே எனக்கு வரவில்லை. ஐந்து மணி ஆனபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஐந்து பத்துக்கு அது அதிர்ந்தது. மகேஸ்வரி ஒரு விண்ணப்பத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். வந்த நேரம் நாலு ஐம்பத்து மூன்று. பெயரை விரலால் மறைத்திருந்தாள். 'எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்' என்ற கேள்விக்குக் கீழே கல்விக் கண்காட்சி, நாளிதழ், நண்பர் என்று கட்டங்கள். எதிலும் குறி இல்லை. 'மற்றவை' என்ற இடத்தில் மலாயில் எழுதியிருந்ததை சிவா படித்துச் சொன்னார்.

'அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக பஸ் நேரம் பார்க்க வந்தேன். ஐந்து மணி பஸ் உண்டு என்றால் நானும் படிக்க வருகிறேன்.'

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. சிவா வண்டியில் இருந்த டிஷ்யூ டப்பாவை எடுத்து நீட்டினார். அதற்குள் அடுத்ததாக ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் கார் கிளம்பும் சத்தம்.

"பன்னெண்டு அக்கா. வீட்டுக்குப் போயிட்டிருக்கேன். போய் அவருகிட்ட மொதல்ல ஒம்பதா இருந்துச்சின்னு சொல்லணும்."